மெம்பர் வீட்டுக்காரரின் கடைவாய்ப்பல்

1995 அக்டோபர் 11, புதன்

காலையில் காப்பியை வைத்துவிட்டு ஆனந்தவல்லி சொன்னாள்: "நாலு நாளா ராத்திரி பல்லக் கடிக்கிதிய. சகிக்க முடியல்ல."

நான் பல்லைக் கடிக்கவில்லை. எனக்குத் தெரியாதா? என் பல், என் வாய்க்குள் இருக்கிறது.

"எலியா இருக்கும்" என்றேன்.

"எலிக்க சத்தம் எனக்கறியாதா? எலி நிறுத்தி நிறுத்தியாக்கும் கடிக்கும். இது ஒரே இழுப்பு."

மனதில் கவலை இருப்பவன்தான் தூக்கத்தில் பல்லைக் கடிப்பான் என்கிறார்கள். எனக்கு என்ன கவலை? இருபத்தைந்து வருஷமாக சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ் எதிரே உட்கார்ந்து ஆதாரம், அதாவது நிலப் பத்திரம், எழுதுகிறேன். கேரள எல்லையில் பாறசாலை முதல் அம்பூரி வரை என் கையெழுத்தில் கைமாறாத நிலம் குறைவு. மகள் சுஜா டிகிரி இரண்டாம் வருஷம். மனைவி பத்து நாளாகப் பஞ்சாயத்து மெம்பர். கவலைப்பட வேண்டுமென்றால் நான் லீவு போட்டுத்தான் கவலைப்பட வேண்டும்.

உண்மையில் மெம்பராக வேண்டியவன் நான். ஐந்து வருஷமாக இந்த வார்டில் ஒரு கல்யாணம், ஒரு பதினாறாம் நாள் விடாமல் போய் உட்கார்ந்து, பிடிக்காத பாயசத்தை எல்லாம் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக் குடித்தவன். தேர்தல் வருகிற நேரத்தில் பார்த்து, எங்கள் வார்டு பெண்களுக்கு என்று ஒதுக்கிவிட்டார்கள். சரி, போகட்டும். ஆனந்தவல்லியிடம் சொன்னேன்: "பேருக்கு நீ நில்லு. மற்றதெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்." தையல் மெஷின் சின்னம். நாற்பத்தொரு ஓட்டில் ஜெயித்தாள். அதாவது ஜெயித்தோம்.

நான் சந்தோஷமான மனிதன். சந்தோஷத்தில் யாராவது பல்லைக் கடிப்பார்களா?

அக்டோபர் 13, வெள்ளி

முதல் கமிட்டி. ஆறு பக்கம் பேச்சு எழுதி அவள் பையில் வைத்து, கூடவே போனேன். வாசலில் பியூன் கையைக் குறுக்கே நீட்டினார். "மெம்பர்மார் மட்டும்."

நான் யார் தெரியுமா என்று கேட்க வாயெடுத்தேன். யார் என்று எனக்கே சட்டென்று சொல்ல வரவில்லை.

சைக்கிள் ஷெட்டில் போய் உட்கார்ந்தேன். அங்கே ஏற்கெனவே ரேடியோ ரிப்பேர்க் கடை மோகனன் இருந்தான். அடுத்த வார்டில் ஜெயித்த பிரேமகுமாரியின் கணவன். அவன் மடியிலும் ஒரு ஃபைல் இருந்தது. இரண்டு பேரும் மூன்று மணி நேரம் மழையைப் பற்றிப் பேசினோம். மழை பெய்யவில்லை.

ஆனந்தவல்லி வெளியே வந்தாள்.

"என்ன முடிவாச்சு?"

"நெறைய."

"நான் எழுதினதை வாசிச்சியா?"

பதிலுக்குப் பையைத் திறந்து ஒரு பொட்டலம் தந்தாள். கமிட்டியில் கொடுத்த இரண்டு பருப்பு வடை, எனக்காகத் தின்னாமல் கொண்டுவந்தது. என் பேச்சின் நாலாம் பக்கத்தில் சுற்றி. குடிநீரைப் பற்றிய பத்தி முழுக்க எண்ணெய்.

வடை நன்றாக இருந்தது. அதில்தான் எரிச்சல் இன்னும் கூடியது.

அக்டோபர் 14

தாடை வலிக்கிறது. ஒரே பக்கமாகப் படுத்திருப்பேன்.

அக்டோபர் 19, வியாழன்

வயிற்றில் பூச்சி இருந்தால்தான் பல் கடிக்குமாம். ஆனந்தவல்லி தீர்மானித்துவிட்டாள். இப்போதெல்லாம் அவள் எதையும் சொல்வதில்லை, தீர்மானிக்கிறாள். யானைக்குட்டி படம் போட்ட குப்பியிலிருந்து ஒரு மூடி சிரப். அன்னாசி ருசி. மேலே இரண்டு கரண்டி விளக்கெண்ணெய். எனக்கு வயது நாற்பத்தெட்டு.

ஆபீசில் இன்று ஒரு பாகப்பிரிவினை எழுதினேன். நடுவில் ஐந்து தடவை எழுந்து பின்பக்கம் ஓட வேண்டியதாயிற்று. ஐந்தாம் தடவை திரும்பி வந்து எழுதியதில் இரண்டாம் மகனின் பங்கே விட்டுப் போய்விட்டது. வாசித்துக் காட்டியபோது அவன் கூரை பறக்கக் கத்தினான்.

சாயங்காலம் அவள் கேட்டாள், "பூச்சி போச்சா?"

"என்னென்னமோ போச்சு" என்றேன்.

அக்டோபர் 24, செவ்வாய்

சுஜா பாட்டனி படிக்கிறவள். நேற்று ராத்திரி நோட்டுப் புத்தகமும் வாட்சும் வைத்துக்கொண்டு என்னை ஒரு செடி போல ஆராய்ந்திருக்கிறாள். காலையில் ரிப்போர்ட் வாசித்தாள். மொத்தம் பதினான்கு தடவை. அதிகபட்சம் ஒன்பது வினாடி.

"இன்னொரு காரியம் உண்டு அப்பா. ஒவ்வொரு தடவையும் கடிக்கதுக்கு முந்தி ஒரு வார்த்த சொல்லுதிய."

"என்ன வார்த்தை?"

"அஜெண்டா."

பொய். சுத்தப் பொய். அவள் அம்மா கமிட்டிக் காகிதங்களை வீடு முழுக்கப் பரப்பி வைத்தால் பிள்ளையின் காதில் அந்த வார்த்தைதான் விழும்.

இதோடு முடியவில்லை. ஆனந்தவல்லி தலையணையை எடுத்துக்கொண்டு சுஜாவின் அறைக்குப் போய்விட்டாள். "காலத்த ஒம்பது மணிக்கு கமிட்டி உண்டு. எனக்கு ஒறங்கணும். சத்தம் தீரட்டு, வாறேன்."

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். அவள் பிரசவத்துக்குப் போனபோது தவிர நான் தனியாகப் படுத்ததில்லை. பெரிதாக ஒன்றும் இல்லை, கட்டிலில் இடம் தாராளமாகக் கிடைக்கிறது என்று அவளிடம் சொன்னேன். இங்கே எழுதுகிறேன்: பிடிக்கவில்லை. கொஞ்சமும் பிடிக்கவில்லை.

அக்டோபர் 30, திங்கள்

பல் உடைந்தது.

எலும்பைக் கடித்து உடைந்தால் கௌரவம். முறுக்கைக் கடித்து உடைந்தால்கூட ஒரு நியாயம் உண்டு. எனக்கு இடியாப்பத்தில் உடைந்தது. தேங்காய்ப்பால் ஊற்றி ஊறிப்போன இடியாப்பம்.

உடைந்த சொத்தின் விவரம்: கீழ்த்தாடை, இடது பக்கம். நான் தெற்கே பார்த்து நிற்பதாக வைத்துக்கொண்டால், கிழக்கே கன்னம், மேற்கே நாக்கு, வடக்கே கடைசிப் பல், தெற்கே அடுத்த பல். இந்த நான்கு எல்லைக்குள் இருந்த கடைவாய்ப்பல்லில் ஒரு மூலை, அரை நெல் அளவு.

"அரிசியில் கல்" என்றேன்.

ஆனந்தவல்லி இடியாப்ப அச்சை எடுத்து வந்து முகத்துக்கு நேரே காட்டினாள். "இந்த ஓட்ட வழியா வந்த கல்லா?"

நவம்பர் 3, வெள்ளி

என் ஆபீசுக்குப் பக்கத்தில் டீக்கடை வைத்திருக்கும் ரெத்தினதாஸ், தேர்தலில் எனக்கு வலது கை. அவனிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். டீயை ஆற்றிக்கொண்டே யோசித்தான்.

"அண்ணாச்சி, கடிக்க வாய்க்கு எதையாவது குடுத்துரணும். பல்லு தப்பிரும். நாய்க்கு எலும்பு குடுக்கோம்லா?"

உவமை பிடிக்கவில்லை. யோசனை பிடித்தது. அம்பூரியிலிருந்து கிரயம் எழுத வந்த ஒருவர், கேட்டதும் ஒரு ரப்பர் ஷீட்டே கொண்டுவந்து தந்துவிட்டார். ரப்பர் உலர்த்தும் புகைப்புரையிலிருந்து எடுத்த பழுப்பு ஷீட். கண்ணாடி முன்னால் நின்று வாயை அளந்து, தையல் கத்திரியால் லாட வடிவத்தில் வெட்டினேன். இரண்டு மடிப்பு. எனக்குள் ஒரு இன்ஜினீயரும் இருந்திருக்கிறான்.

நவம்பர் 4

புகையும் புளிச்ச நாற்றமும். வாயில் ரப்பர்ப்புரையை வைத்துத் தூங்கினால் எப்படி இருக்கும், அப்படி. கனவில் ராத்திரி முழுக்கக் கல்யாண விருந்து. இலையில் ஒரே ஒரு அப்பளம். மென்றேன், மென்றேன், தீரவேயில்லை.

சத்தம் மட்டும் இல்லையாம். வெற்றி!

நவம்பர் 6, திங்கள்

வெற்றி இல்லை.

காலையில் எழுந்தால் ரப்பர் ஒரு துண்டு கடைவாயில், அந்த உடைந்த மூலைக்குள் போய் மாட்டிக்கொண்டிருக்கிறது. இழுத்தால் நீள்கிறது. விட்டால் சுருங்கி வாய்க்குள் அடிக்கிறது. பல்லோடு வந்துவிடுமோ என்ற பயத்தில் வாயை மூடிக்கொண்டே ஆபீசுக்குப் போனேன்.

காஞ்சிரங்குளத்திலிருந்து பத்து சென்ட் வாங்க ஒரு பார்ட்டி. பழைய ஆதாரத்தை நீட்டி, "எல்லாம் சரிதானே?" என்றார். தலையசைத்தேன். "சரிதானே?" மறுபடி தலையசைத்தேன். வாய் திறக்காத ஆதாரமெழுத்துக்காரனை அவர் வாழ்க்கையில் பார்த்ததில்லை போலிருக்கிறது. முகம் வெளுத்து, விற்கிறவரைப் பார்த்து, "சார் ஒண்ணும் சொல்ல மாட்டங்கிறார், இதில என்னமோ வில்லங்கம் உண்டு" என்று எழுந்து போய்விட்டார். விற்க வந்தவர் என்னைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன்.

ரெத்தினதாஸ் குறடோடு வந்தான். அதற்கு மேல் எழுத விருப்பமில்லை.

நவம்பர் 11, சனி

நெய்யாற்றின்கரை. பல் டாக்டர் லேகா. சின்னப் பெண், சுஜாவுக்கு அக்கா மாதிரி இருப்பாள்.

காத்திருக்கும் பெஞ்சில் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு மோகனன்.

"என்ன மோகனன்?"

"ஒண்ணும் இல்ல சாரே. அரிசியில கல்லு. சாருக்கோ?"

"எனக்கும் கல்லுதான்."

பிறகு இரண்டு பேரும் மழையைப் பற்றிப் பேசினோம்.

உள்ளே டாக்டர் ஒரு சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டு, இன்னொரு கண்ணாடியை என் கையில் கொடுத்துக் காட்டினாள். என் பற்களின் மேல்பக்கம் மேடும் பள்ளமுமாக இருக்க வேண்டுமாம். என்னுடையது சிமெண்ட் தரை போல வழுவழுப்பாகத் தேய்ந்திருக்கிறது. பல்லின் மேலிருக்கும் கெட்டிப் பகுதி போனால் போனதுதான், திரும்ப வளராது. இப்படியே விட்டால் உள்ளே கூச்சம் வரும், இன்னும் பற்கள் உடையும், பிறகு வேர் வரைக்கும் வேலை.

"சாருக்கு டென்ஷன் வல்லதும் உண்டோ?"

"ஒன்றும் இல்லை."

"வீட்ல?"

"ஒன்றும் இல்லை. மனைவி பஞ்சாயத்து மெம்பர்."

டாக்டர் பேனாவை மேஜைமேல் வைத்தாள். நர்ஸைப் பார்த்தாள். நர்ஸ் ஜன்னலைப் பார்த்தாள்.

"அக்டோபருக்கு பிறகு சார் நாலாவது ஆளு" என்றாள் டாக்டர். "சிரிச்சதுக்கு ஒண்ணும் தோணக்கூடாது."

ரப்பர் கதையைச் சொன்னதும் சிரிப்பு நின்று கோபம் வந்துவிட்டது. மெத்தென்ற பொருள் கிடைத்தால் வாய் இன்னும் அதிகமாக மெல்லுமாம், தாடைக்கு இரட்டை வேலை. என் பல்லின் அளவுக்கே கெட்டியாகச் செய்த உறைதான் போட வேண்டுமாம். உடைந்த மூலையை அடைத்தாள். இளஞ்சிவப்பு மாவை ஒரு தட்டில் குழைத்து வாய்க்குள் வைத்து அச்சு எடுத்தாள். நான் ஓங்கரித்த சத்தத்தில் வெளியே மோகனன் வீட்டுக்குக் கிளம்பிவிட்டானாம்.

அதுவரைக்கும் கட்டளைகள்: பகலில் உதடு சேர்ந்திருக்கலாம், பல்லும் பல்லும் தொடக் கூடாது. சாப்பிடும்போது மட்டும் தொடலாம். ராத்திரி படுக்குமுன் தாடையில் வெந்நீர்த் துணி. சாயங்காலத்துக்குப் பிறகு பால் விடாத கட்டன் சாயாகூட இல்லை. கடைசியாக, "சாரே, பகல்ல சொல்லாம அடக்கி வைக்கிறத ராத்திரி பல்லு சொல்லும். உள்ளத வாயத் தொறந்து சொல்லணும்."

சொல்லுவதற்கு ஒன்றும் இல்லை என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னேன் போலிருக்கிறது. "இப்பவும் பல்லு தொடுது" என்றாள்.

நவம்பர் 13, திங்கள்

ஞாபகத்துக்காக ஆபீசில் நாலு இடத்தில் சீட்டு எழுதி ஒட்டினேன்: "பற்களைச் சேர்க்காதே."

வந்தவர்களெல்லாம் அதைத் தங்களுக்கென்று எடுத்துக்கொண்டார்கள். மத்தியானம் பார்க்கிறேன், பெஞ்சில் ஏழு பேர் வாயை லேசாகத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு பெரியவர் மட்டும் எழுந்து வந்து ரகசியமாகச் சொன்னார்: "எனக்கு மேல ஒண்ணுதான் உண்டு. கீழ இல்ல. ரிஜிஸ்டர் ஆகுமா?"

நவம்பர் 21, செவ்வாய்

நேற்று உறை வந்தது. கண்ணாடி போல, தண்ணீர் நிறம், மேல்வரிசை முழுக்க மூடுகிறது. போட்டுக்கொண்டு "ஆனந்தவல்லி" என்றால் "ஆனந்தவழ்ழி" என்று வருகிறது. சுஜா தரையில் உட்கார்ந்து சிரித்தாள்.

காலையில் எடுத்துப் பார்த்தேன். உறை முழுக்கக் கீறல். அத்தனையும் என் பல்லில் விழ வேண்டியது. டாக்டரிடம் போன் பண்ணிக் கேட்டதற்கு, உறை கடிப்பதை நிறுத்தாது, அடியை அது வாங்கிக்கொள்ளும், கடிப்பதை நிறுத்த வேண்டியது சார்தான் என்றாள்.

சத்தம் குறைந்திருக்கிறது, ஆனால் இருக்கிறதாம். ஆனந்தவல்லி தலையணையைக் கொண்டுவரவில்லை.

டிசம்பர் 9, சனி

இன்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் ஒரு பெண் வந்தாள். "மெம்பர் உண்டா?"

"வெளியே போயிருக்கு. என்ன விஷயம், என்கிட்ட சொல்லு."

"இல்ல, மெம்பர் வரட்டு. நான் இருக்கேன்."

ஒரு மணி நேரம் என் நாற்காலியில் இருந்தாள். பிறகு, "நீங்க மெம்பருக்க வீட்டுக்காரர்தானே? கொஞ்சம் வெள்ளம் தருவியளா?" என்றாள். கொண்டுபோய்க் கொடுத்தேன். இன்னொரு தம்ளர் கேட்டாள். அதையும் கொடுத்தேன்.

மத்தியானம் ஆனந்தவல்லி வந்து அந்தப் பெண்ணோடு பத்து நிமிஷம் பேசி அனுப்பினாள். பிறகு என் முன்னால் உட்கார்ந்து, வில்லேஜ் ஆபீஸ், தெருவிளக்கு, பொதுக்கிணறு என்று ஏதேதோ காகிதத்தைப் புரட்டினாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் தாடை இறுகியது. பல்லைச் சேர்க்காதே, பல்லைச் சேர்க்காதே என்று சொல்லிக்கொண்டேன். வாய் திறந்துவிட்டது. திறந்ததும் எல்லாம் வந்துவிட்டது.

அந்த நாற்காலி எனக்குரியது என்றேன். பாயசம் குடித்தவன் நான் என்றேன். பேருக்கு நில் என்றுதானே சொன்னேன், நீ நிஜமாகவே நின்றுவிட்டாய் என்றேன்.

அவள் காகிதத்தை மூடினாள்.

"எனக்கும் கொஞ்சம் சொல்லணும். வீடு வீடா ஏறி ஓட்டு கேட்டது நானாக்கும். நோட்டீசில எனக்க படம் தபால்தல அளவு. உங்க படம் காலண்டர் அளவு. ஜெயிச்ச அன்னைக்கு மாலைய நீங்க போட்டுக்கிட்டிய. நான் மிச்சத்த அள்ளிப் பெருக்கினேன். அப்பவும் ஒண்ணும் சொல்லல்ல. இப்ப சொல்லுதேன். ஓட்டுச் சீட்டில உங்க பேரு இல்ல."

நான் கத்தினேன். அவளும் கத்தினாள். இருபத்திரண்டு வருஷத்தில் இப்படிக் கத்தியதில்லை. சுஜா புத்தகத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டாள். கடைசியில் இரண்டு பேருக்கும் தொண்டை கட்டி, சைகையில் சண்டை போட்டோம். கண்ணில் நீர் வந்தது எனக்கு. அவள் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

டிசம்பர் 10, ஞாயிறு

உறையில் ஒரு கீறல் கூட இல்லை.

சுஜா நோட்டில் பூஜ்யம் போட்டாள்.

டிசம்பர் 14

நாலு நாள் சமாதானமாக இருந்தோம். மறுபடி பதினொரு தடவை கடித்திருக்கிறேன்.

சுஜாவின் ஆராய்ச்சி முடிவு: தினம் சாயங்காலம் காப்பிக்குப் பிறகு கால் மணி நேரம் சண்டை. மருந்து மாதிரி, விடாமல். ஆனந்தவல்லி யோசித்துவிட்டு, "ஆறு மணின்னா எனக்கு சௌகரியம்" என்றாள்.

டிசம்பர் 23, சனி

சண்டை நன்றாகப் போகிறது. அவள் சண்டைக்குக் கமிட்டிக் காகிதங்களோடு வருகிறாள். இன்று பொதுக்கிணற்றுப் புறம்போக்கு. அவள் சொன்ன சர்வே நம்பர் தப்பு என்று கத்தினேன். எது சரி என்று அவள் கத்தினாள். சொன்னேன். எழுதிக்கொண்டாள்.

கால் மணி நேரம் முடிந்து வெகுநேரம் கழித்துத்தான் கவனித்தோம், சும்மா பேசிக்கொண்டிருக்கிறோம்.

கடி: மூன்று. தலையணை இன்னும் அந்த அறையில்தான். "பூஜ்யம் ஆகட்டு" என்கிறாள். கறாரான மெம்பர்.

1996 ஜனவரி 21, ஞாயிறு

பள்ளிக்கூடத்தில் கிராம சபை. எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பதினொரு வீட்டுக்குப் பாதை கிடையாது. நோயாளியை நாற்காலியில் உட்கார வைத்துத்தான் தூக்கி வர வேண்டும். தேர்தல் நோட்டீசில் "நடைபாதை அமைப்போம்" என்று எழுதியவன் நானேதான். எழுதியதோடு சரி.

ஆனந்தவல்லி எழுந்தாள். காகிதம் இல்லை. "பாதைக்கு ரெண்டு பேருக்க இடம் வேணும். ஒண்ணு ஈசாக்கு அண்ணனுக்க இடம். இன்னொண்ணு எனக்க அப்பா எனக்கு தந்த புரையிடத்தில ஒண்ணர சென்ட். எனக்குள்ளத நான் விட்டுத் தந்தாச்சு."

கைதட்டல். முதல் வரிசையில் நான். எனக்கு அந்த நிமிஷம்தான் விஷயம் தெரியும். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நானும் கைதட்டினேன்.

ஆறு மணிச் சண்டையில் கேட்டேன், "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"கேட்டா சம்மதிச்சிருப்பிய. பிறகு அது உங்க காரியம் ஆயிருக்கும்."

அவள் சொன்னது சரி. அதுதான் கஷ்டமாக இருக்கிறது. அவள் இடம், அவள் அப்பா கொடுத்தது. ஆனாலும் வலிக்கிறது.

ஜனவரி 22

உறை இரண்டாக உடைந்துவிட்டது.

ஜனவரி 27, சனி

டாக்டர் லேகா இரண்டு துண்டையும் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். படித்த காலத்திலிருந்து இப்படி ஒன்றைப் பார்த்ததில்லையாம். கல்லூரிக்குக் கொடுத்தால் கண்ணாடி அலமாரியில் வைப்பார்களாம். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. புது உறைக்கு மறுபடி மாவு, மறுபடி ஓங்கரிப்பு.

"உறை உடஞ்சது நல்லது. இல்லங்கில் பல்லு உடஞ்சிருக்கும். பக்ஷே சாரே, மூணாமத்தது நான் செய்ய மாட்டேன்."

மோகனன் பெஞ்சில் இல்லை. விசாரித்தேன். அவன் பிரேமகுமாரிக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்கிறானாம், பல் சரியாகிவிட்டதாம்.

பிப்ரவரி 5, திங்கள்

ஈசாக்கு என் ஆபீசுக்கு வந்தார். பாதைக்கு இடம் கொடுக்க மனமில்லை. கலெக்டருக்கு ஒரு பெட்டிஷன் எழுத வேண்டும் என்றார். நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டார்.

"உமக்கும் சம்மதமில்லன்னு நாட்டுக்காரங்க சொல்லுதாங்க. நல்லா எழுதும். ரெண்டு பேருக்கும் நல்லதாக்கும்."

சொல்லத்தான் செய்கிறேன், எனக்கு ஆசை வந்தது. ஒரு பெட்டிஷன். ஒரே பெட்டிஷனில் பாதை நின்றுவிடும், ஆனந்தவல்லி என்னிடம் வந்து கேட்டாக வேண்டும். காகிதத்தை எடுத்தேன். "பெறுநர்" போட்டேன். ஈசாக்கு சொல்லிக்கொண்டு வந்தார்: "மெம்பர் ஒரு பொம்பள. எல்ல, அளவு ஒண்ணும் அறியாது. ஆரோ சொல்லிக் குடுத்து ஆடுதா. அப்பிடி எழுதும்."

இதையேதான் நான் நாலு மாதமாக மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். என் மனதில் இருந்தபோது நியாயமாக இருந்தது. அவர் வாயில் கேட்டபோது பொறுக்கவில்லை.

"என்னவே அறியாது?" என்று எழுந்துவிட்டேன். "உம்ம இடத்துக்க வடக்கு எல்லையில நிக்கிற கமுகு ஒம்பதும் ஆருக்க இடத்தில நிக்குது தெரியுமா? பஞ்சாயத்துக்க இடத்தில! அவளுக்குத் தெரியும். தெரிஞ்சும் போன மாசம் கமிட்டியில, ஈசாக்கு அண்ணனுக்கு வயசாச்சு, கமுகு நிக்கட்டும்னு சொன்னவ அவ. எனக்கெப்படி தெரியும்னா, அதுக்கு ஒரு நாள் முழுக்க அவகூட சண்ட போட்டவன் நான்!"

ரெத்தினதாஸ் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டான். ஈசாக்கு நாற்காலியைப் பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

"எனக்கு முந்தி மெம்பர் எழுதித் தருவாளா?"

"வாற திங்கக்கிழமை" என்றேன். யாரைக் கேட்டுச் சொன்னேன்?

"அப்பம் நானும் தாறேன்."

வீட்டுக்கு வந்து ஆனந்தவல்லியிடம் சொன்னேன். உன்னைக் கேட்காமல் தேதி சொல்லிவிட்டேன், மன்னித்துக்கொள் என்றேன். அவள் டைரியைப் பார்த்தாள். "திங்கள் பத்தர மணிக்கு ஒழிவுண்டு" என்றாள்.

பிப்ரவரி 12, திங்கள்

ஆதாரம் நானே எழுதினேன். ஊராருக்கெல்லாம் எழுதுவது போல மலையாளத்தில்தான். அவள் பெயர், வயது, வீடு, தொழில். இருபத்தைந்து வருஷமாக எந்தப் பெண் வந்தாலும் தொழில் என்ற இடத்தில் கை தானாகவே "கிருகபரணம்" என்று எழுதும். வீட்டுவேலை. கேட்பதே இல்லை. இன்றும் எழுதிவிட்டது. மை காய்ந்த பிறகுதான் பார்த்தேன்.

ஆதாரத்தில் சும்மா அடிக்க முடியாது. எதை வெட்டினோம், எதைத் திருத்தினோம் என்று கடைசியில் எழுதி, எழுதியவன் பெயர் போட்டு, எழுதிக் கொடுப்பவர் கையெழுத்து வாங்க வேண்டும். அது காலத்துக்கும் அந்த ஆபீசில் இருக்கும். புதுத் தாளில் வேறு எழுதிவிடலாமா என்று யோசித்தேன். ஒருவருக்கும் தெரியாது.

இருக்கட்டும் என்று தோன்றியது.

சப் ரிஜிஸ்ட்ரார் முன்னால் நான் வாசித்துக் காட்டினேன். முழு அறையும் கேட்டது. நான்கு எல்லையும் வாசித்து, கடைசி வரிக்கு வந்தேன்: "முதல் பக்கம் நாலாம் வரியில் 'கிருகபரணம்' என்று எழுதியது தவறு. அதை வெட்டி 'பஞ்சாயத்து மெம்பர்' என்று திருத்தியிருக்கிறது. தவறும் திருத்தமும் எழுதியவன் கைலாசநாதன்."

ஆனந்தவல்லி என்னைப் பார்த்தாள். பேனாவை வாங்கி, அந்த வரிக்குக் கீழே நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள்.

சாயங்காலம் ஆறு மணிக்கு இரண்டு பேரும் காப்பி குடித்துவிட்டு உட்கார்ந்தோம். சண்டைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

பிப்ரவரி 13, செவ்வாய்

காலையில் காப்பியை வைத்துவிட்டு அவள் சொன்னாள்: "ராத்திரி ஒறக்கத்தில பேசுதிய. கிழக்கே கிணறு, மேற்கே பாதைன்னு விடாம எல்ல வாசிக்கிதிய."

"அவ்வளவு சத்தமாகவா? சுஜா அறை வரைக்கும் கேட்டதா?"

"அங்க கேட்டதா இல்லயான்னு எனக்கறியாது" என்று சொல்லி, என் கட்டிலிலிருந்து இரண்டு தலையணைகளையும் எடுத்து வெயிலில் போடக் கொண்டு போனாள்.